கேமரா சென்சாரில் தூசி: வீட்டிலேயே எடுக்கலாமா?

கேள்வி இதுதான். லென்ஸ் மாற்றும் வகைக் கேமரா. வானம், வெள்ளைச் சுவர் மாதிரி வெறுமையான இடம் வரும் படங்களில் எல்லாம் ஒரே இடத்தில் மங்கலான சாம்பல் புள்ளிகள் தெரிகின்றன. லென்ஸைத் துடைத்துப் பார்த்தாயிற்று, போகவில்லை. சென்சாரை (லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதிவு செய்யும் பாகம்) வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா, அல்லது கை வைத்தால் கேமராவே போய்விடுமா?

செய்யலாம். லென்ஸைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர், அவசரப்படாதவர் யாராக இருந்தாலும் செய்யக்கூடிய வேலைதான். பெரும்பாலும் காற்று ஊதினாலே முடிந்துவிடும். திரவம் தொட்டுத் துடைக்கும் கட்டம் வரை போக வேண்டியிருப்பது எப்போதாவதுதான். எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொண்டு ஆரம்பித்தால் பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. நாம் துடைப்பது சென்சாரின் சிலிக்கானை அல்ல. அதற்கு முன்னால் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, பல கேமராக்களில் மிக நுண்ணிய கோடுகளை லேசாக மங்கவைக்கும் லோ-பாஸ் ஃபில்டர், பாதுகாப்புக் கண்ணாடி என்று ஓர் அடுக்கு இருக்கிறது. தூசி உட்காருவது அதன் மேல்பரப்பில். கண்ணாடி கெட்டியானது, அதன் மேல் பூசிய மெல்லிய பூச்சுதான் கொஞ்சம் மென்மையானது. சுத்தமான ஸ்வாபும் (நுனியில் துணி சுற்றிய தட்டைக் குச்சி) அதற்கென்றே விற்கும் திரவமும் அந்தப் பூச்சைக் கீறாது. ஸ்வாபுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒரு மணல் துகள் கீறும். அதனால்தான் எந்த முறையில் சுத்தம் செய்தாலும் முதல் வேலை காற்று ஊதுவது. ஊதாமல் துடைக்க ஆரம்பிப்பவர்தான் கீறலோடு சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்.

அப்புறம், அது சென்சார் தூசிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லென்ஸின் முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிய தூசி படத்தில் புள்ளியாக விழாது. நிறைய இருந்தால் படம் வெளிறிப்போகும், அவ்வளவுதான். டிஎஸ்எல்ஆரில் (ஒளியை மேலே திருப்பும் மிரர் என்ற கண்ணாடி உள்ள வகை) கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரியும் கறுப்புத் துணுக்குகள் பெரும்பாலும் ஃபோகசிங் ஸ்கிரீனில் (மிரருக்கு மேலே பிம்பம் விழும் தகடு) இருப்பவை. அவை படத்தில் வராது, அவற்றைத் துரத்தவும் கூடாது. இருட்டில் நீண்ட நேரம் திறந்து எடுத்த படத்தில் சிவப்பாகவோ பச்சையாகவோ ஊசிமுனை அளவில் மின்னும் புள்ளி ஹாட் பிக்சல். அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது; கேமரா மெனுவில் பிக்சல் மேப்பிங் வசதி இருந்தால் அதுதான் வழி. சென்சார் தூசிக்கு இரண்டு அடையாளங்கள். லென்ஸை மாற்றினாலும் புள்ளி இடம் மாறாது. லென்ஸுக்குள் ஒளி புகும் துவாரமான அப்பெர்ச்சரைச் சின்னதாக்கினால் புள்ளி கூர்மையாகும், பெரிதாக்கினால் மங்கி மறையும்.

இந்த இரண்டாவது அடையாளத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. எப்போது துடைக்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்ற முடிவே இதில்தான் இருக்கிறது.

தூசி பிக்சல் மீது நேரடியாக உட்காருவதில்லை, அதற்கு இரண்டொரு மில்லிமீட்டர் முன்னால் உட்காருகிறது என்று பார்த்தோம். படத்தில் நாம் காண்பது தூசியை அல்ல, அதன் நிழலை. ஒரு சின்ன பல்பு மட்டும் எரியும்போது சுவருக்கு முன்னால் விரலை நீட்டினால் நிழல் கறுப்பாக, ஓரம் தெளிவாக விழும். அகலமான ஜன்னல் வெளிச்சத்தில் அதே விரலின் நிழல் கரைந்துபோகும். அப்பெர்ச்சர் சின்னதாக இருந்தால் சென்சாருக்கு அது சின்ன பல்பு, திறந்திருந்தால் ஜன்னல்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கண்ணாடிக்குள் ஒளி வளைவதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தூசிக்கும் பிக்சலுக்கும் இடைவெளி 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலுக்கு வரும் ஒளி, தூசி இருக்கும் தளத்தைக் கடக்கும்போது எவ்வளவு அகலமாக இருக்கும்? இடைவெளியை எஃப் எண்ணால் (அப்பெர்ச்சரின் அளவைச் சொல்லும் எண்; எண் பெரிதானால் துவாரம் சின்னது) வகுத்தால் போதும். எஃப்/2-இல் 1 மி.மீ.; எஃப்/16-இல் 0.125 மி.மீ. இப்போது 0.05 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு தூசியை, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சற்றுக் குறைந்த ஒன்றை, அங்கே வையுங்கள். எஃப்/2-இல் அது மறைப்பது ஒளியில் 400-இல் ஒரு பங்கு. யார் கண்ணுக்கும் தெரியாது. எஃப்/8-இல் 4 சதவீதம். வெறும் வானத்தில் உற்றுப் பார்த்தால் ஒருவேளை தெரியலாம். எஃப்/16-இல் 16 சதவீதம், பளிச்சென்று தெரியும். எஃப்/22-இல் கிட்டத்தட்ட 30 சதவீதம்.

ஆகவே எஃப்/2, எஃப்/2.8 என்று ஆட்களைப் படம் எடுப்பவர் ஆண்டுக்கணக்கில் தூசியோடு வாழ்ந்தும் அதைப் பார்த்திருக்க மாட்டார். நிலக்காட்சி எடுப்பவருக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். மேக்ரோ எடுப்பவர் நிலைமை இன்னும் மோசம். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் லென்ஸில் எஃப்/11 என்று வைத்தால் சென்சாருக்கு அது எஃப்/22-க்குச் சமம். பல கேமராக்கள் எஃப்/11 என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் படம் முழுக்கப் புள்ளிகள். பூச்சி, பூ எடுக்க ஆரம்பித்ததும் ‘புதுசாத் தூசி விழுந்துடுச்சு’ என்று பலர் பதறுவது இதனால்தான். பழைய தூசிதான், இப்போது கண்ணில் படுகிறது.

வெயிலில் வீடியோ எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷட்டர் வேகத்தை ஏற்ற முடியாமல் அப்பெர்ச்சரை எஃப்/16-க்கு இறக்கினால் தூசி முழுக் காட்சியிலும் அப்படியே நிற்கும், கேமரா திரும்பினாலும் கூடவே வரும். அங்கே என்டி ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டி ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) போட்டு அப்பெர்ச்சரைத் திறப்பது துடைப்பதைவிடச் சுலபம்.

சரி, சோதனைப் படம். ஐஎஸ்ஓ 100 அல்லது உங்கள் கேமராவின் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ. அப்பெர்ச்சர் எஃப்/16. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, ஃபோகஸை முடிவிலிக்குத் திருப்பி, கிட்டத்தில் உள்ள வெள்ளைச் சுவரையோ, வெள்ளைப் பக்கம் திறந்த கணினித் திரையையோ சட்டகம் நிறைய எடுங்கள். சுவரின் சொரசொரப்பும் திரையின் புள்ளிகளும் பதியாமல் இருக்க ஃபோகஸ் தப்பியிருக்க வேண்டும். ஷட்டர் அரை வினாடி, ஒரு வினாடி என்று நீண்டால் இன்னும் நல்லது. திறந்திருக்கும்போதே கேமராவை மெதுவாக வட்டமாக ஆட்டுங்கள். சுவரில் உள்ளதெல்லாம் கலைந்துவிடும், சென்சாரில் உள்ளது மட்டும் அசையாமல் நிற்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளி இரண்டு மடங்கு) கூட்டி, கொஞ்சம் வெளிச்சமாகவே எடுங்கள். படத்தைக் கணினியில் ஏற்றி கான்ட்ராஸ்டை ஏற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. எஃப்/22-இல் எடுத்து, கான்ட்ராஸ்டை உச்சத்துக்குத் தள்ளினால் தொழிற்சாலையிலிருந்து அன்றைக்கே வந்த கேமராவிலும் ஏதாவது தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் துடைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடியாது. நீங்கள் வழக்கமாக எடுக்கும் அப்பெர்ச்சர் எதுவோ அதிலும் ஒரு சோதனைப் படம் எடுங்கள். எஃப்/8 தாண்டாதவர் என்றால் எஃப்/8 சுத்தமாக இருந்தால் போதும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கடைசி ஒரு புள்ளியைத் துரத்திப் பத்துத் தடவை துடைப்பவர்கள்தான் பெரும்பாலும் கோடும் கறையும் உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

படத்தைக் கொஞ்சம் படிக்கவும் கற்றுக்கொள்ளலாம். ஓரம் மங்கிய சாம்பல் வட்டம் சாதாரணத் தூசி. நூல் போல, காற்புள்ளி போல வளைந்திருந்தால் துணி இழை. நடுவில் வெளுத்து ஓரம் கறுத்த வட்டங்கள் கூட்டமாக இருந்தால் அது திரவத் துளி, பெரும்பாலும் எண்ணெய். ஷட்டர் (சென்சாரை மூடித் திறக்கும் தகடுகள்), மிரர் ஆகியவற்றின் இயங்கும் பாகங்களிலிருந்து தெறிப்பது. 2012-இல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பெயர் பெற்றது; படத்தின் இடது மேல் பகுதியில் புள்ளிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. 2013-இல் நிக்கான் அதற்கென ஒரு சர்வீஸ் அறிவிப்பு வெளியிட்டது, அதே ஆண்டு டி610 வந்தது, 2014-இல் டி600-க்கு உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. எண்ணெய்த் துளி ஊதினால் போகாது. இழையும் தூசியும் பெரும்பாலும் போய்விடும்.

புள்ளி சென்சாரில் எங்கே இருக்கிறது? லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழச் செய்கிறது. நாமோ சென்சாரை முன்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது: மேல் கீழாகும், இடது வலது மாறாது. படத்தில் இடது மேல் மூலையில் தெரியும் புள்ளி, கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்கும்போது இடது கீழ் மூலையில் இருக்கும். ஒரு தாளில் குறித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

கருவியை எடுப்பதற்கு முன், கேமராவுக்குள்ளேயே இருக்கும் வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். 2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1 தான் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை மீயொலி வேகத்தில் அதிர வைத்துத் தூசியை உதறும் முறையை முதலில் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களும் ஏதோ ஒரு வடிவத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். மெனுவில் போய் இரண்டு மூன்று தடவை ஓட்டிவிட்டு மீண்டும் சோதனைப் படம் எடுங்கள். காய்ந்த தூசி சில உதிரும். ஒட்டிக்கொண்ட மகரந்தம், துளி இவற்றை அது ஒன்றும் செய்யாது. (சிக்மா 2002-இல் தன் எஸ்டி9 கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயிலேயே ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தது. தூசி அதில் உட்காரும், சென்சாரிலிருந்து தள்ளி இருப்பதால் நிழலும் கரைந்துவிடும். நல்ல யோசனை, ஏனோ மற்றவர்கள் பெரிதாகப் பின்பற்றவில்லை.)

இனி ஊதும் வேலை. இடம் முக்கியம். மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். கம்பளம், மெத்தை, உலர்ந்த துணிகள் உள்ள அறை வேண்டாம். கம்பளிச் சட்டை வேண்டாம். முழுக்கை என்றால் மடித்துவிடுங்கள். கையைக் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். லென்ஸைக் கழற்றுவதற்கு முன்பே, அது மாட்டும் வளையமான மவுன்ட்டைச் சுற்றி வெளிப்புறத்தை ஊதித் துடைத்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிட்டு வெளியில் இருந்த மண்ணை அவர்களே உள்ளே தள்ளுகிறார்கள்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆர் என்றால் மெனுவில் சென்சாரைக் கையால் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தால் மிரர் மேலேறும், ஷட்டர் திறந்து நிற்கும். பேட்டரி பாதி வழியில் தீர்ந்தால் இரண்டும் கீழே வரும். உள்ளே ஸ்வாப் இருந்தால் ஷட்டர் போயிற்று. அதனால்தான் பல கேமராக்கள் சார்ஜ் குறைவாக இருந்தால் அந்தத் தேர்வையே தருவதில்லை. பல்ப் மோடில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் முறை) விரலால் பொத்தானை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் துடைப்பது என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். விரல் ஒரு கணம் தளர்ந்தால் அதே கதிதான்.

அந்த மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் நேராகவே தெரியும். சில கேமராக்கள் அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். அப்போது நீங்கள் பார்ப்பது சென்சாரை அல்ல, ஷட்டர் தகடுகளை. அவை மிக மெல்லியவை, விரலோ ஸ்வாபோ படக்கூடாது, பலமாக ஊதவும் கூடாது. பளபளவென்று வண்ணம் காட்டும் கண்ணாடிப் பரப்பு தெரிந்தால்தான் அது சென்சார். மடிந்த தகடுகளின் கோடு தெரிந்தால் அது ஷட்டர். கேமரா உடம்பிலேயே நடுக்கம் தடுக்கும் வசதி உள்ளவற்றில் சென்சார் ஒரு மிதக்கும் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அணைத்திருக்கும்போது லேசாக ஆடும். ஆட்டம் கோளாறு அல்ல. ஆனால் அழுத்தம் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒவ்வொரு விதமாகச் செய்திருப்பதால் கையேட்டில் சுத்தம் செய்வது பற்றிய அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கருவி, கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயர். நல்ல ப்ளோயரில் காற்று பின்பக்க வால்வு வழியாக உள்ளே போய் முன்பக்கமாக வெளியே வரும். வால்வு இல்லாததில் முனை வழியாகவே உள்ளே இழுத்து, உள்ளிருந்த தூசியைத் திரும்பத் துப்பும். புதிய ப்ளோயரைச் சென்சாரிடம் கொண்டுபோவதற்கு முன் வெளியில் வைத்து ஒரு இருபது தடவையாவது அமுக்குங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் ரப்பர் தூள் போகட்டும்.

கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி ஒரு கையில் பிடியுங்கள், அல்லது முக்காலியில் கவிழ்த்து மாட்டுங்கள். கிளம்பும் தூசி விழ வழி வேண்டும். ப்ளோயரைக் கீழிருந்து மேலாகக் காட்டி, முனை மவுன்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகாமல், சட்டென்று பத்துப் பதினைந்து தடவை அமுக்குங்கள். கோணத்தை மாற்றி மாற்றி. முனையைக் கவனியுங்கள், அமுக்கும் வேகத்தில் கை முன்னே போய் முனை சென்சாரில் இடிப்பதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கக்கூடிய ஒரே விபத்து. முடிந்ததும் வாய் கீழே பார்த்தபடியே லென்ஸை மாட்டிவிட்டுச் சோதனைப் படம் எடுங்கள். புள்ளிகள் இடம் மாறியிருந்தால் நல்ல செய்தி: அவை ஒட்டவில்லை, இன்னொரு சுற்று ஊதினால் போகும். அசையாமல் அதே இடத்தில் இருப்பவைதான் ஒட்டியவை.

ஊதுவதற்கு எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே முடியாத இரண்டு உண்டு. ஒன்று வாய். எவ்வளவு கவனமாக ஊதினாலும் எச்சில் துளி போகும், காய்ந்தால் தூசியைவிட மோசமான கறை. இன்னொன்று டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று. டப்பா சாய்ந்தாலோ குலுங்கினாலோ உள்ளே இருக்கும் திரவம் உறைகுளிரில் பீய்ச்சியடிக்கும். சென்சாரில் பட்டால் படிவம் விடும், பூச்சையும் கெடுக்கலாம். கம்ப்ரசர் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும், வேகமும் ஷட்டர் தாங்காத வேகம்.

இரண்டு மூன்று சுற்று ஊதியும் உங்கள் வழக்கமான அப்பெர்ச்சரில் புள்ளி தெரிகிறது என்றால் துடைக்கலாம்.

ஸ்வாபை சென்சாரின் அளவு பார்த்து வாங்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ.; அதற்கு 24 மி.மீ. அகல ஸ்வாப். ஏபிஎஸ்-சி சுமார் 23.5க்கு 15.6 (கேனானில் இன்னும் கொஞ்சம் சின்னது). அதற்கு 16 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13, அதற்கு 12 மி.மீ. அளவு விற்கிறார்கள். அகலம் சரியாக இருந்தால் ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ் வரை முழுப்பரப்பும் துடைபடும். சின்ன ஸ்வாபை வைத்துக்கொண்டு பகுதி பகுதியாகத் துடைத்தால் ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் ஒரு கோடு நிற்கும். பெரியதைத் திணித்தால் சட்டத்தின் ஓரத்தில் உரசி அங்குள்ள மசகைக் கண்ணாடி மேல் இழுத்துவரும்.

திரவம் சென்சாருக்கென்றே விற்பதாக இருக்கட்டும். மெத்தனால் போன்ற வேகமாக ஆவியாகும் ஆல்கஹால்தான் பலவற்றில் அடிப்படை. சில வினாடிகளில் காய்ந்து எதையும் விட்டுவைக்காமல் போவது அதன் குணம். மெத்தனால் நச்சு, எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு, விளக்கு வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மருந்துக் கடையில் காயத்துக்கு விற்கும் 70 சதவீத ஆல்கஹால் சரிப்படாது, மீதி பெரும்பாலும் தண்ணீர். மெதுவாகக் காய்ந்து வட்டம் விடும். லென்ஸ் துடைக்கும் திரவம், கண்ணாடித் திரவம், மூக்குக்கண்ணாடி ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அவற்றில் சேர்த்திருக்கும் சோப்பு வகைப் பொருள் படலமாக நின்றுவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் வேண்டாம். அது எடுப்பதைவிட விடும் இழைதான் அதிகம்.

கேமராவை மேசையில் மல்லாக்க வையுங்கள், வாய் மேலே பார்க்கட்டும். கேமராவின் அடிப்பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும். நெற்றியில் மாட்டும் எல்இடி விளக்கு இருந்தால் அருமை, இரண்டு கையும் சும்மா இருக்கும். விளக்கைச் சாய்வாக அடித்தால் கண்ணாடி மேல் உள்ள பெரிய துகள்கள் மின்னித் தெரியும். அப்படி ஏதாவது தெரிந்தால் மீண்டும் கவிழ்த்து ஊதிவிட்டு வாருங்கள்; துகள் கண்ணுக்குத் தெரியும்போது ஸ்வாபை உள்ளே விடாதீர்கள்.

ஸ்வாப் உறையைக் கிழித்து, முனையைத் தொடாமல் எடுங்கள். முனையின் விளிம்பில் இரண்டு துளி விடுங்கள், பெரிய ஸ்வாபுக்கு மூன்று. துணி ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. சில வினாடி ஊறட்டும். திரவத்தை நேரடியாகச் சென்சார் மேல் விடவே கூடாது. ஓரத்தின் இடுக்கில் இறங்கினால் வெளியே எடுக்க வழியில்லை.

ஸ்வாபை இடது ஓரத்தில் வைத்து, கைப்பிடியை நீங்கள் போகும் திசைக்கு லேசாகச் சாய்த்து, வலது ஓரம் வரை ஒரே சீராக இழுங்கள். மூன்று நான்கு வினாடி எடுக்கட்டும். பேனாவால் எழுதும் அழுத்தம் போதும். முனை லேசாக வளைய வேண்டும், அவ்வளவே. நடுவில் நிறுத்த வேண்டாம், நிறுத்திய இடத்தில் கோடு விழும். வலது ஓரம் வந்ததும் தூக்காமல், இன்னும் அழுக்குப் படாத மறுபக்கம் பரப்பில் படும்படி சாய்வை மாற்றி, இடது நோக்கித் திரும்ப இழுங்கள். முடிந்தது. அந்த ஸ்வாபைத் தூக்கிப் போடுங்கள். விலையைப் பார்த்து மனம் வராது, ஆனால் போட்டுவிடுங்கள். அது இப்போது சுமந்துகொண்டிருப்பது நீங்கள் எடுத்த அழுக்கைத்தான்.

லென்ஸை மாட்டி, படம் எடுத்துப் பாருங்கள். முதல் தடவை துடைத்த பிறகு நடுப்பகுதி சுத்தமாகி, ஓரத்தில் ஒரு கறையோ ஈரக்கோடோ சேர்ந்திருப்பது சகஜம். அது உங்கள் கைக்குறை அல்ல. திரவம் கொஞ்சம் அதிகம், அழுக்கு ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறது. இன்னொரு புதிய ஸ்வாபில் ஒரே ஒரு துளி விட்டு மறுபடி அதே இழுப்பு. எண்ணெய்த் துளி என்றால் மூன்று ஸ்வாப் கூடப் பிடிக்கலாம். அதற்கு மேலும் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். ஒரே புள்ளியின் மேல் முன்னும் பின்னும் தேய்ப்பது, நகத்தால் கிள்ளுவது போல ஸ்வாபின் முனையால் நெம்புவது இரண்டும் பூச்சுக்கு ஆபத்து.

ஒட்டும் ஜெல் முனையுள்ள குச்சிகளும் உண்டு. பரப்பில் வைத்து எடுத்தால் தூசி அதில் ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் கூடவே வரும் ஒட்டுத்தாளில் ஒற்றி அதைச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த தூசிக்கு நன்றாக வேலை செய்யும். திரவமும் வேண்டாம், கோடும் விழாது. ஆனால் எண்ணெய்க் கறையில் வைத்தால் ஜெல்லே பாழாகி அடுத்த இடத்தில் முத்திரை குத்தும். எல்லாப் பூச்சுகளுக்கும் எல்லா ஜெல்லும் பொருந்துவதில்லை, உங்கள் கேமராவுக்கு ஏற்றதுதானா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். பெட்டியில்லாத பெயர் தெரியாத ஜெல்லைச் சென்சாரில் வைக்க நான் சொல்ல மாட்டேன். மென்மயிர்த் தூரிகைகளும் விற்கிறார்கள். அவற்றைச் சுத்தமாக வைத்திருப்பதே ஒரு வேலை. மவுன்ட் ஓரத்தில் ஒரு முறை உரசி மசகு ஏறிவிட்டால் அந்தத் தூரிகை பூசும் தூரிகைதான்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் போகிற போக்கில் மேலே உள்ள ஃபோகசிங் ஸ்கிரீனையும் மிரரையும் துடைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். வேண்டாம். ஸ்கிரீன் மென்மையான பிளாஸ்டிக். அந்த மிரர் நம் வீட்டு முகக்கண்ணாடி மாதிரி பின்பக்கம் பூசியதல்ல, முன்பக்கம் பூசியது. துடைத்தால் கோடு விழும். இரண்டுக்கும் ப்ளோயர் மட்டும் போதும்.

யார் இதையெல்லாம் வீட்டில் செய்யக் கூடாது? லென்ஸ் கழற்ற முடியாத சிறிய கேமராவில் தூசி புகுந்திருந்தால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், அது கடைக்கான வேலை. புள்ளி வேர்விட்டது போலக் கிளைத்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். கண்ணாடி அடுக்குக்கு உள்ளே இருந்தால் எந்த ஸ்வாபும் எட்டாது. மூன்று ஸ்வாப் தாண்டியும் துளிகள் சில நூறு படங்களில் மறுபடி முளைத்தால் ஷட்டரிலிருந்து தெறிக்கிறது என்று அர்த்தம், துடைத்துத் தீராது. உத்தரவாதம் நடப்பில் இருந்தால் முதல் சுத்தத்தை நிறுவன சர்வீஸிலேயே செய்துகொள்வது புத்திசாலித்தனம். நாம் தொட்ட பிறகு கீறல் யாருடையது என்று வாதாட முடியாது.

தூசி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், காற்றில் இருந்து என்பதைவிட லென்ஸின் பின்பக்க மூடியில் இருந்து என்றுதான் அதிகம் சொல்ல வேண்டும். அந்த மூடி பையின் அடியில் கிடந்து, சட்டைப்பையில் போய், நூலும் பொடியும் சேர்த்துக்கொண்டு லென்ஸின் பின்பக்கத்தில் உட்காருகிறது. அங்கிருந்து கேமராவுக்குள். மூடிகளையும் கேமரா வாயை மூடும் பாடி கேப்பையும் அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். மூடிகளைக் கழற்றும்போது ஒன்றோடொன்று மாட்டி வையுங்கள், உட்பக்கம் மூடியே இருக்கும். லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழே காட்டி, அடுத்த லென்ஸைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட படங்களை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புள்ளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பது இங்கே நமக்கு வசதி. லைட்ரூம் மாதிரி மென்பொருளில் ஒரு படத்தில் புள்ளிகளை நீக்கிவிட்டு, அந்தத் திருத்தத்தை அதே நாள் எடுத்த மற்றப் படங்களுக்கு மொத்தமாக நகலெடுக்கலாம். புள்ளிகளை மட்டும் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்காட்டும் வசதியும் அதில் உண்டு. வானம் வரும் படங்களில் அப்படியே சரியாகிவிடும். புள்ளி முகத்தின் மேலோ, கட்டடத்தின் கோட்டின் மேலோ விழுந்த படங்களை மட்டும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள், அங்கே தானாக ஒட்டிய ஒட்டு பொருந்தாது. கேனானில் டஸ்ட் டிலீட் டேட்டா, நிக்கானில் டஸ்ட் ஆஃப் ரெஃபரன்ஸ் என்று ஒரு வசதி உள்ள கேமராக்கள் உண்டு: வெள்ளைப் பரப்பை ஒருமுறை எடுத்துக் காட்டினால் தூசி வரைபடத்தைப் பதிந்துகொண்டு, அந்தந்த நிறுவன மென்பொருளில் நீக்கித் தரும். நிக்கானில் இது ரா கோப்புகளுக்கு (கேமரா பதப்படுத்தாமல் சேமிப்பவை) மட்டும். ஊதியோ துடைத்தோ முடித்த பிறகு அந்த வரைபடத்தைப் புதிதாக எடுக்க மறக்காதீர்கள். பழையதை வைத்துக்கொண்டு ஓட்டினால் இல்லாத தூசியை நீக்குவதாக நல்ல இடத்தில் ஒட்டுப்போட்டுவிடும்.